மெசின் ஏன் காற்று இழுக்கிறது?

[காட்சி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல். வாய்க்காலோரம் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசின் ஓடுகிறது.]

வணக்கம். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

[சத்தம்: சீராக ஓடும் மெசின். திடீரென்று 'கொர்ர்' என்று ஓர் இழுப்பு. பிறகு வெறும் இரைச்சல்.]

சிறுபோகத்தில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது பழகிய சத்தம். "தம்பி, காத்து இழுக்குது, ஓஸைத் தாட்டு விடு!" என்று பெரியப்பா வரம்பில் நின்று கத்துவார். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தாழ்த்துவேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் மறுபடியும் கொர்ர். இன்னும் தாழ்த்தினால் சேறு வரும்.

ஓஸின், அதாவது தண்ணீரை உறிஞ்சும் குழாயின், வாய் ஒரு அடி ஆழத்தில் கிடக்கிறது. அங்கே காற்று எப்படிப் போனது?

[காட்சி: நீர்ப்பரப்பு, மிக அருகில். ஒரு பிடி உமி தூவப்படுகிறது.]

உமி தூவிப் பாருங்கள். முதலில் அது சும்மா வட்டமடிக்கும். பிறகு நடுவில் ஒரு சின்னக் குழி விழும். குழி ஆழமாகும்போது உமி ஒவ்வொன்றாக உள்ளே போகும். அடுத்து, குழியின் நுனியிலிருந்து காற்றுக் குமிழிகள் கழன்று இறங்கும். கடைசியில் மேற்பரப்பிலிருந்து குழாய் வாய் வரை கயிறு போல ஒரு காற்றுத் தண்டு நிற்கும். பொறியியலாளர்கள் சுழிகளை 6 வகையாகப் பிரிக்கிறார்கள். குமிழி இறங்குவது 5ஆம் வகை, காற்றுத் தண்டு 6ஆம் வகை. மெசின் இருமத் தொடங்குவது இந்த இரண்டில்தான்.

[காட்சி: வட்டங்கள் வரைந்த படம்.]

குழி எப்படி விழுகிறது? நடுவிலிருந்து 1 மீற்றர் தள்ளி, தண்ணீர் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத அசைவு. அதே தண்ணீர் உள்ளே இழுபட்டு வரும்போது, தூரத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் தொகை மாறுவதில்லை. ஆகவே 1 சென்ரிமீற்றர் தூரத்துக்கு வரும்போது வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். அந்த வேகத்துக்கு நீர்மட்டம் 5 சென்ரிமீற்றர் இறங்கும். இன்னும் பாதி உள்ளே வந்தால் வேகம் இரட்டிப்பு, இறக்கமோ நான்கு மடங்கு: 20 சென்ரிமீற்றர். தண்ணீரின் பிசுக்கு மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் இந்தக் குழிக்கு அடியே இருக்காது.

முதல் சுற்றைத் தொடக்கிவைப்பது யார்? பூமி சுற்றுவதால்தான் என்று பலர் சொல்வார்கள். புயலுக்கு அது சரி. வாய்க்கால் சுழிக்குச் சரியில்லை. 1962இல் அமெரிக்காவில் ஷப்பிரோ என்பவர் பெரிய தொட்டி ஒன்றில் நீரை ஒரு நாள் அசையாமல் வைத்துத்தான் பூமியின் பங்கைக் காட்ட முடிந்தது. கிளிநொச்சி இருக்கும் வன்னியோ 9 பாகை அகலக்கோட்டில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே அந்தப் பங்கு இன்னும் குறைவு. உண்மையான காரணங்கள் கண் முன்னாலேயே கிடக்கின்றன: வாய்க்கால் வளைவு, ஒரு பக்கம் மட்டும் கரை, பக்கத்தில் சல்வீனியா என்ற மிதக்கும் களையின் ஒரு திட்டு. தண்ணீர் ஒருபக்கமாக வந்தாலே போதும், சுழி பிறந்துவிடும்.

சரி, எவ்வளவு ஆழம் வேண்டும்? பம்புகளுக்கான தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட் ஒரு சூத்திரம் தருகிறது. நம்முடைய 2 அங்குல ஓஸில் செக்கனுக்கு 5 லீற்றர் போனால், வாய்க்கு மேலே ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். அதாவது ஒன்றரை அடி. பெரியப்பாவின் வாய்க்காலில் அவ்வளவு தண்ணீர் ஏது!

ஆனால் அதே ஓஸின் நுனியில் 4 அங்குல அகலமான புனல் வாயைப் பொருத்தினால் நுழையும் வேகம் கால் பங்காகும். தேவையான ஆழம் 25 சென்ரிமீற்றராக இறங்கும். எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம் இதுதான்: ஆழத்தைத் தேடி அலையாமல் வேகத்தைக் குறைக்கலாம்.

[காட்சி: இரணைமடுக் குளக்கட்டு. துருசு.]

இனிப் பெரிய வாய்க்கு வருவோம். இரணைமடு 36 அடிக்கு நிரம்பி வான் பாயும் நாளில், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசைப் பற்றிக் கவலையில்லை. நீர் அடியில் கிடக்கும் நாளில் துருசைத் திறந்தால்தான் சுழி கீழே எட்டப் பார்க்கும். காற்றுப் புகுந்தால் நீரின் அளவு குறையும், குழாய் அதிரும்.

இவ்வளவு பெரியதை ஆய்வுகூடத்தில் பத்தில் ஒரு பங்காகச் செய்து பார்ப்பார்கள். அப்போது வேகத்தை 3.16ஆலும் நீரளவை 316ஆலும் வகுக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். குழாயைச் சிறிதாக்கலாம், தண்ணீரின் பிசுக்கையும் மேற்பரப்பு இழுவிசையையும் சிறிதாக்க முடியாது. சின்ன மாதிரியில் அந்த இரண்டும் சேர்ந்து குழியை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. மாதிரியில் குமிழியே வரவில்லை என்று நம்பிக் கட்டினால், உண்மையான துருசில் காற்று போகலாம். அதனால்தான் சில வேளை கணக்கைவிடக் கூடுதலான நீரை விட்டும் சோதிக்கிறார்கள்.

கணினியும் இதில் ஏமாற்றும். நீரைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று என்று கணக்குப் பார்ப்பது ஒரு முறை. காற்றுத் தண்டு 1 சென்ரிமீற்றர் அகலம், கட்டமோ 5 சென்ரிமீற்றர் என்றால், தண்டு கணக்கில் கரைந்து போய்விடும். கொந்தளிப்பைச் சராசரியாக்கும் மலிவான கணக்குமுறைகளும் சுழியை மழுக்கிவிடும். அழகான வண்ணப் படம் வரும், சுழி மட்டும் இருக்காது.

[காட்சி: மறுபடியும் வாய்க்கால். ஓஸுக்கு மேலே ஒரு பலகைத் துண்டு, தடியில் கட்டி மிதக்கிறது.]

புனல் வாய் கிடைக்கும் வரை நாங்கள் செய்த வேலை இது. கட்டாமல் விட்டால் காற்றடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடும், முதல் நாள் அப்படித்தான் போனது. மேலே பலகை கிடந்தால் சுழிக்குக் குழி தோண்ட இடமில்லை. உமியைத் தூவினேன். பலகையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

[சத்தம்: மெசின், சீராக.]

பெரியப்பா வந்து பார்த்தார். "பலகை கிடக்கட்டும் தம்பி, ஓஸையும் கொஞ்சம் தாட்டு விடு."