ரூட் 66: எண் போன பிறகும் இருக்கும் சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் முடிந்த அமெரிக்கச் சாலை ரூட் 66. நீளம் ஏறத்தாழ 2,400 மைல், நம் கணக்கில் 3,900 கிலோமீட்டர். 1926 நவம்பரில் அதற்கு எண் கிடைத்தது. 1985-இல் அந்த எண்ணை நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சாலையின் பெரும்பகுதி இன்றும் வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறது. அதில் போக விரும்புகிறவர்களுக்கு வரும் முதல் சிக்கலே அந்த எண் இல்லாததுதான்.

ஃபோனில் சிகாகோ, சான்டா மோனிகா என்று இரண்டு ஊரைக் கொடுத்தால் அது உங்களை இன்டர்ஸ்டேட் என்னும் விரைவு நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும். பழைய சாலைக்கு இப்போது ஊருக்கு ஒரு பெயர். ஓக்லஹோமாவில் அது மாநிலச் சாலை 66. ஆல்புகர்க்கியில் சென்ட்ரல் அவென்யூ. மொஹாவி பாலைவனத்தில் நேஷனல் டிரெயில்ஸ் ஹைவே. அதனால் அன்றன்றைக்குப் போகவேண்டிய சின்னச் சின்ன ஊர்களை வரிசையாக ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் பல மைல்களுக்கு சிக்னல் இருக்காது. பழுப்பு நிற வழிகாட்டிப் பலகைகள் உண்டு. ஆனால் அவற்றைத் திருடிப்போகிறவர்களும் உண்டு. அதனால்தான் பல இடங்களில் 66 என்ற சின்னத்தைத் தார் மேலேயே வரைந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இது ஒரே சாலை அல்ல. தடம் பல முறை மாறியிருக்கிறது. 1937 வரை நியூ மெக்சிகோவில் அது வடக்கே சான்டா ஃபே வரை ஏறி இறங்கியது. பிறகு ஆல்புகர்க்கிக்கு நேராகப் போனது. அதனால் ஆல்புகர்க்கியில் நான்காம் தெருவும் சென்ட்ரல் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ரூட் 66 தன்னைத்தானே குறுக்கே கடக்கிறது! ஆகவே இரண்டு பேர் இரண்டு வழி சொன்னால் இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். எந்த ஆண்டின் தடம் என்று கேளுங்கள்.

ஓக்லஹோமாவில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் இடையே 1922-இல் போட்ட ஒரு துண்டு இருக்கிறது. அகலம் ஒன்பதே அடி. எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணில் இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்த ஓரம் சேறாகி சக்கரம் புதையும். காய்ந்த நாளில் மெதுவாகப் போங்கள். மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் விதி இருக்கும், கையெழுத்திடுமுன் படித்துவிடுங்கள். வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். இப்போது பல கார்களில் காற்றடிக்கும் சிறு பம்பும் ஓட்டை அடைக்கும் பசையும்தான் தருகிறார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசையால் பயனில்லை.

நாளைக்கு 150 முதல் 200 மைல் என்று வைத்துக்கொண்டால், 12 முதல் 16 நாள் ஆகும். ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் முழுச் சாலையையும் விரட்டாதீர்கள். ஆல்புகர்க்கியிலிருந்து மேற்கே மட்டும் போங்கள் என்பேன். அந்தப் பகுதியின் சிறப்பே அரிசோனாதான். ஐ-40 என்ற இன்டர்ஸ்டேட்டிலிருந்து 139-ஆம் எண் வெளியேறும் வழியில் இறங்கினால் செலிக்மன், பீச் ஸ்பிரிங்ஸ், ஹாக்பெரி வழியாகக் கிங்மேன் வரை இன்டர்ஸ்டேட்டைத் தொடாமலே போகலாம். தண்டவாளம் பக்கத்திலேயே கூட வரும்.

கிங்மேனுக்குப் பிறகு சிட்க்ரீவ்ஸ் கணவாய். உயரம் சுமார் 3,500 அடிதான். ஆனால் தடுப்புச் சுவர் இல்லாத கொண்டை ஊசி வளைவுகள். 40 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. கிங்மேனிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். ஏறும்போது வெப்பமானி முள் மேலே போனால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். வியர்த்தாலும் எஞ்சின் பிழைக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்; பிரேக் சூடேறினால் பிடிக்காது. கீழே ஓட்மன் ஊர்த் தெருவில் கழுதைகள் நடுவே நிற்கும். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

அடுத்து மொஹாவி. நீடில்ஸ் என்ற ஊரில் கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். டயர் காற்றை விடியற்காலையில், ஓட்டுமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் பிறகு காற்று குறைந்து டயர் வெடிக்கக்கூடும். அங்கே 1930-களின் மரப்பாலங்கள் நிறைய. திடீர் வெள்ளத்தில் அவை சேதமாகி, சில துண்டுகள் நீண்ட காலம் மூடப்பட்டிருக்கின்றன. புறப்படுமுன் சான் பெர்னார்டினோ கவுன்டியின் (மாவட்டம் போன்றது) சாலை அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருந்தால் ஐ-40-இல் போய் கெல்பேக்கர் சாலையில் தெற்கே இறங்கி ஆம்பாய் என்ற ஊரை அடையலாம். சாலை மூடல் பலகையைச் சுற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஓடையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பாலம் தாங்காது.

மேற்கே போவதால் மாலை வெயில் கண்ணிலேயே அடிக்கும். காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பி நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்வது நல்லது. கோடையில் நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குள் நுழையும்போது கடிகாரத்தில் ஒரு மணி நேரம் பின்னே போகும், அது லாபம். வசந்த காலத்தில் ஓக்லஹோமாவில் சுழற்காற்று எச்சரிக்கையைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள ஃப்ளாக்ஸ்டாஃபில் பனி கொட்டும்.

சான்டா மோனிகாவில் எல்லோரும் படமெடுப்பது கடல் பாலத்தில் இருக்கும் பலகையை. அதிகாரப்படி சாலை முடிந்தது அங்கே அல்ல. சற்று உள்ளே, லிங்கன், ஒலிம்பிக் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில். முதலில் அங்கே போய்விட்டு, பிறகு கடலுக்கு நடந்து போங்கள்.