பழைய பிக்கப்புக்கு எந்த ரேடியேட்டர்? வரிசையை எண்ணுவதற்கு முன்னால்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். நண்பர் ஒருவர் 1972 ஷெவ்ரலே சி10 பிக்கப் வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்த வண்டி. முன்பு வைத்திருந்தவர் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு 350 கன அங்குல வி8 எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் ஏற்றியிருக்கிறார். ரேடியேட்டர் மட்டும் பழைய செம்பு பித்தளைதான். "சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் ஓரத்தில் கசிவும் இருக்கிறது. நான்கு வரிசை செம்பு வாங்குவதா, மூன்று வரிசை அலுமினியம் வாங்குவதா?" என்று கேட்கிறார். வரிசை என்றால், ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடுகிற தட்டையான ட்யூப்கள் முன்னும் பின்னுமாக எத்தனை அடுக்கு என்பது.

கசிகிறது என்பதால் ரேடியேட்டருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் நின்றால் சூடு, ஓடினால் சரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைக் கவனிக்காமல் புது ரேடியேட்டர் வாங்கினால் பணம் போகும், முள் மறுபடியும் ஏறும்.

வண்டி ஓடும்போது காற்று தானாகவே கிரில் வழியாகப் புகுந்துவிடுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஓடியதும் முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் சுற்றுகிறது, கோரும், அதாவது ட்யூப்கள் இருக்கிற ரேடியேட்டரின் நடுப்பகுதியும், ஓரளவு வேலை செய்கிறது. காற்றுதான் போதவில்லை. இதுவே நேர்மாறாக, நிற்கும்போது ஒன்றும் இல்லாமல் நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் சூடேறுகிறது என்று எழுதியிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போது ட்யூப் அடைப்பு, கோர் போதாமை, பெல்ட் வழுக்குவது, கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்வது இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழ் ஹோஸ் பம்ப் இழுக்கிற பக்கம். உள்ளே ஸ்பிரிங் இல்லாத தொளதொள ஹோஸ் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அது அப்படியே சப்பையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். இன்லைன் ஆறு சிலிண்டர் எஞ்சின் நீளமானது. வி8 நீளம் குறைவு. அதை மாற்றி ஏற்றும்போது பெரும்பாலும் ஃபேன் பின்னால் போய்விடும், ரேடியேட்டர் பழைய இடத்திலேயே நிற்கும். பானெட்டைத் திறந்து ஃபேன் இலைக்கும் கோருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு அங்குலம் அளவுக்கு இருந்தால் நல்லது. நான்கைந்து அங்குலம் இருக்கிறது, சுற்றி ஷ்ரவுடும் இல்லை என்றால், அந்த ஃபேன் கோர் வழியாகக் காற்றை இழுக்கவில்லை, எஞ்சின் அறைக்குள் இருக்கிற சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்கள் ஆறு வரிசை ரேடியேட்டர் வைத்தாலும் அதே கதைதான்.

ஷ்ரவுட் என்பது ஃபேனைச் சுற்றி வருகிற அந்தக் கூடு. எஞ்சின் மாற்றும்போது முதலில் காணாமல் போகிற பாகம் அதுதான். பழைய ஷ்ரவுட் புது எஞ்சினுக்குப் பொருந்தாது, இடிக்கும், கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். அது கோரின் முழு முகத்தையும் மூடியிருக்க வேண்டும். ஃபேன் இலை பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கிற மாதிரி நிற்க வேண்டும். இலை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் போதும். எஞ்சின் அதன் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதால் ரொம்பவும் நெருக்கிவிடாதீர்கள். ஃபேன் கிளட்ச், அதாவது சூட்டுக்கேற்ப ஃபேனைப் பிடித்தும் விட்டும் சுழற்றுகிற பாகம், இருந்தால், எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடிப்பு தெரிய வேண்டும். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் செத்துவிட்டது.

இன்னொன்று, யாரும் பார்க்காத இடம். ரேடியேட்டருக்கும் அதைத் தாங்குகிற சட்டத்துக்கும் நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு சிலிண்டருக்கு வருகிற ரேடியேட்டர் அகலம் குறைவு. பக்கத்தில் தகடு வைத்து மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரில் வழியாக வருகிற காற்று கோருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும். காற்றுக்கு எது சுலபமோ அந்த வழியில்தான் அது போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகு வரிசை விஷயம். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது, எல்லோரும் வரிசையைத்தான் எண்ணுகிறார்கள். விற்கிறவர்களுக்கும் அது வசதி, மூன்றைவிட நான்கு பெரிது என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் வரிசை எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ட்யூபின் அகலம் எவ்வளவு என்று கேளுங்கள். பழைய செம்பு பித்தளை ரேடியேட்டரில் ட்யூப் பொதுவாக அரை அங்குல அகலம். நான்கு வரிசை என்றால் மொத்தம் இரண்டு அங்குலம். அலுமினியத்தில் ஒரு அங்குல ட்யூப் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு வரிசை போட்டாலும் அதே இரண்டு அங்குலம்தான். ஃபின்னோடு, அதாவது ட்யூப்களுக்கு நடுவில் இருக்கிற மெல்லிய தகடுகளோடு, ஒட்டியிருக்கிற ட்யூப் பரப்பு கிட்டத்தட்ட சமம். அதனால் "இரண்டு வரிசைதானா" என்று ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஒரு அங்குல ட்யூபில் இரண்டு வரிசை போட்ட அலுமினியம், நான்கு வரிசை செம்போடு தைரியமாகப் போட்டி போடும்.

வரிசை கூடக் கூட இன்னொரு சிக்கலும் வருகிறது. முதல் வரிசையைத் தொடுகிற காற்று குளிர்ந்த காற்று. அது சூட்டை வாங்கிக்கொண்டு இரண்டாவதற்குப் போகிறது, மூன்றாவதற்குப் போகும்போது ஏற்கெனவே சூடாகியிருக்கிறது. நான்காவது வரிசைக்கு வாங்கிக்கொள்ள மிச்சம் குறைவு. கோர் தடிமன் கூடினால் காற்று நுழைவதும் சிரமம். உங்கள் ஃபேன் ஏற்கெனவே திணறுகிறது, அதன் முன்னால் இன்னும் தடிமனான கோரை வைத்தால் நிற்கும்போது சூடு கூடவும் வாய்ப்புண்டு. இடம் இருந்தால் தடிமனைக் கூட்டுவதைவிட முகத்தின் பரப்பைக் கூட்டுங்கள். அகலமான வி8 கோர் எப்போதும் முதல் தேர்வு.

செம்பா அலுமினியமா என்பதற்கும் நேரடியாகப் பதில் சொல்கிறேன். செம்பு சூட்டைக் கடத்துவதில் ராஜா. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 400 வாட். சுத்த அலுமினியம் 235 பக்கம். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் செம்பு ரேடியேட்டர் குளிர்ச்சியாக இருக்கும் என்று வாதாடுகிறார்கள். ஆனால் அந்த ரேடியேட்டரில் ஃபின்தான் செம்பு, ட்யூப் பித்தளை. பித்தளைக்குச் சுமார் 110, 120தான். ட்யூபையும் ஃபின்னையும் ஒட்டுகிற ஈயப் பற்று அதைவிடவும் குறைவு. அலுமினியக் கோரில் எல்லாம் ஒரே உலோகமாக உருக்கி இணைக்கப்படுகிறது, ட்யூபும் அகலமாகப் போடலாம். அதனால் உலோகத்தின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. எடையில் மட்டும் அலுமினியம் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது.

செம்பின் பலம் வேறு இடத்தில். பழுது பார்க்கலாம். ஒரு ட்யூப் கசிந்தால் பற்றவைக்கலாம், கோரின் ஓரங்களில் தண்ணீர் சேருகிற டேங்கைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுக்கலாம், கோரை மட்டும் மாற்றிப் பழைய டேங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி ஒரிஜினல் தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதுதான் வழி. ஆனால் ஏற்கெனவே எஞ்சின் மாற்றிய வண்டிக்கு அந்தக் கவலை பெரிதாகத் தேவையில்லை என்பது என் கருத்து. உங்களிடம் இருப்பது ஆறு சிலிண்டர் ரேடியேட்டராக இருந்தால், அதற்குப் புது கோர் போடுவது சின்னச் சட்டைக்குப் புதுப் பட்டன் தைக்கிற வேலை.

வாங்கும்போது வெளி அளவைப் பார்க்காதீர்கள், கோர் அளவைப் பாருங்கள். அப்புறம் ஹோஸ் வாய் எந்தப் பக்கம் என்பது. மேல் ஹோஸ் வலதா இடதா, கீழ் ஹோஸ் எங்கே, குழாய் விட்டம் எவ்வளவு. ஸ்மால் பிளாக் ஷெவ்ரலேயில் (உங்கள் 350 அந்த வகைதான்) வாட்டர் பம்ப் குட்டை, நீளம் என்று இரண்டு உண்டு. எது உங்களிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஃபேன் நிற்கிற இடமே மாறும். கையால் எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும். விளம்பரத்தில் "இந்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும்" என்று போட்டிருப்பது எஞ்சின் மாற்றாத வண்டிக்கு.

ஆட்டோமேட்டிக் என்றீர்கள். ரேடியேட்டர் டேங்குக்குள்ளேயே கியர் ஆயிலுக்கு ஒரு கூலர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மேனுவல் கியர் வண்டிக்கான ரேடியேட்டர் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், அதில் அது இருக்காது. கூலர் இல்லாமல் ஓட்டினால் கியர் ஆயில் கருகி, கிளட்ச் தட்டுகள் போய்விடும், ரேடியேட்டரில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு செலவாகும். பாரம் இழுப்பதாக இருந்தால் தனியாக ஒரு வெளிக் கூலரும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியேட்டரைக் கழற்றும்போது கூலன்ட்டில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஏதாவது மிதந்தால், உள் கூலர் ஓட்டையாகி இரண்டும் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கியர்பாக்ஸையும் உடனே பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைச் சும்மா நினைக்காதீர்கள். 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மூடி போட்டால் வெறும் தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து 121 டிகிரி செல்சியஸ் பக்கம் ஏறுகிறது. பாதிக்குப் பாதி கூலன்ட் என்றால் இன்னும் கொஞ்சம் மேலே. அதனால் மூடி லூசானாலே கொதிக்க ஆரம்பித்துவிடும், ரேடியேட்டர் மீது பழி விழும். புதியதை மாட்டும்போது மூடியையும் புதிதாகவே போடுங்கள், அதன் அழுத்தம் ரேடியேட்டர் தயாரிப்பாளர் சொன்னதுதான் இருக்க வேண்டும். மிகப் பழைய, குறைந்த அழுத்தத்துக்கு வடிவமைத்த பற்றுவைத்த டேங்குகளில் 15 பிஎஸ்ஐ மூடி வைத்துவிட்டால் தையல் பிளந்துவிடும்.

சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அது எஞ்சின் குறைந்தபட்சம் எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது, அவ்வளவுதான். 82 டிகிரியோ 90 டிகிரியோ எதைப் போட்டாலும், காற்று போதாத வண்டியில் முள் அதைத் தாண்டி ஏறத்தான் செய்யும்.

அலுமினியம் வாங்கினால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, அதை இறுக்கமாக போல்ட் போட்டுச் சட்டத்தோடு பூட்டக் கூடாது. பிக்கப் சட்டம் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கல் நேராக டேங்கின் வெல்டிங்குக்குப் போய்ச் சேரும். மேலும் கீழும் ரப்பர் மெத்தை இருக்க வேண்டும். இரண்டாவது, மின் அரிப்பு. எஞ்சின் இரும்பு, ஹீட்டர் கோர் செம்பு, இது அலுமினியம், நடுவில் மின்சாரம் கடத்துகிற தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அலுமினியம்தான் கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரும் அரிப்பைத் தடுக்கிற நல்ல கூலன்ட்டும் ஊற்றி, தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் எர்த் வயர் ஒழுங்காக இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ரேடியேட்டர் வாயில் கூலன்ட்டிலும் வைத்துப் பாருங்கள், டேங்கின் உலோகத்தைத் தொடாமல். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்டினால் எர்த்தையும் கூலன்ட்டையும் சந்தேகப்படுங்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், டேங்கோடு முழுதாக வெல்டிங் செய்த, ஒரு அங்குல ட்யூப் இரண்டு வரிசை, வி8 அகலத்தில், உள்ளே கியர் ஆயில் கூலருடன் இருக்கிற அலுமினிய ரேடியேட்டரை வாங்குவேன். மூன்று வரிசைக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த காசை ஷ்ரவுடுக்கும் ஃபேன் கிளட்சுக்கும் போடுவேன். கறுப்பு பெயின்ட் அடித்த அலுமினியம் கிடைத்தால் பானெட்டுக்குள் பழைய மாதிரியே தெரியும், குளிர்வதில் குறை ஒன்றும் வராது, மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.

மாட்டிய பிறகு முன்பக்கம் சற்று மேடாக இருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், மறுபடியும் ஊற்ற வேண்டும். முடிந்தால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோரின் முகத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்து பாருங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். பழைய ரேடியேட்டரைக் கழற்றும் முன்பே இதை ஒருமுறை செய்திருந்தால் எங்கே அடைப்பு என்பதும் தெரிந்திருக்கும், நடுவில் திடீரென்று ஒரு திட்டு மட்டும் ஆறிப்போயிருக்கும். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு கிளாம்ப்களை இன்னொரு தடவை இறுக்கி, மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள்.