தாழ்ப்பாள் இல்லாத கதவு: ரயில் நிலையத்தில் பெண்களுக்கான அறைகள்

(காட்சி: விடிகாலை. திருகோணமலை ரயில் நிலையம். இரவு வண்டி வந்து நிற்கிறது.)

வணக்கம். கொழும்புக் கோட்டையில் இரவு ஏறினால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மாகோவில் வடக்குப் பாதையை விட்டு விலகி, கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையையும் விட்டு, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று ஊர்ந்து வந்து, விடிகிற நேரத்தில் நம் ஊரில் தண்டவாளம் முடிகிறது. வண்டி நின்றதும் பயணிகள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் ஓட்டோவுக்கு விலை பேச வாசலுக்கு ஓடும். மற்றக் கூட்டம் 'மலசலகூடம்' என்ற பலகையைத் தேடும். இந்த வீடியோ இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது.

"வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் பழைய பெட்டிகளில் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுகிறது, அதனால் வண்டி நிற்கும்போது அதைப் பயன்படுத்தக் கூடாது. ஓடும்போது போகலாம். ஆனால் ஆடுகிற பெட்டியில், ஈரத் தரையில், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பது ஒரு வித்தை. தெரியாதவர்கள் மாலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அடுத்த நாள் சலக்கடுப்பு வந்த பின்னர்தான் காரணம் விளங்கும்.

(காட்சி: மூடிய மரக்கதவு. கொண்டி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, சுற்றிலும் நான்கு ஆணித்துளைகள்.)

இந்தக் கதவை நான் ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் உள்ள ஒரு நிலையம், பெயர் வேண்டாம். வெளியே மும்மொழியிலும் அழகான பலகை: பெண்கள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. பையை மாட்டக் கொளுக்கி இல்லை. பையின் கைப்பிடியைப் பல்லால் கடித்து, ஒரு கையை நீட்டி, கொண்டி இருந்த ஓட்டையில் விரலை விட்டுக் கதவை இழுத்துப் பிடித்தபடி இருக்கவேண்டியிருந்தது. அப்போது எனக்குத் துணையாக வெளியே நின்றவர் என் பெரியம்மா. அவரிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

'கக்கூசு' என்ற சொல் ஒல்லாந்தருடையது. கந்தோரையும் கக்கூசையும் நமக்கு விட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ரயில் ஆங்கிலேயருடையது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரிய நிலையங்களில் சீமாட்டிகளுக்கென்று தனிக் காத்திருப்பு அறை கட்டினார்கள். தனியாகப் பயணம் செய்கிற பெண், முன்பின் தெரியாத ஆண்களோடு ஒரே அறையில் உட்காருவது மரியாதையில்லை என்பது அந்தக் கால எண்ணம். அந்த மரியாதையும் டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்துத்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் சட்டமாகவே வந்தது. 1887இல் மாசசூசெட்ஸ் மாநிலம், பெண்கள் வேலை செய்கிற தொழிலகங்களில் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று விதித்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அதே நாட்டின் தெற்கு மாநிலங்களில் பல இடங்களில் கதவுகள் மூன்றாக இருந்தன: ஆண்கள், பெண்கள், கறுப்பினத்தவர். மூன்றாவது கதவுக்குள் ஆண் பெண் என்ற பிரிவே இல்லை. பெண்ணின் மானம் காக்கத்தான் தனியறை என்று பேசியவர்கள், எந்தப் பெண்ணின் மானம் என்பதை முன்னரே முடிவு செய்துவிட்டார்கள்.

(காட்சி: பழைய இந்திய நீராவி ரயிலின் ஓவியம்.)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி 1909இல் சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு ஊதி, அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போனவர், கார்டு விசில் ஊதியதும் ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, விழுந்து, மேடையில் இருந்த ஆண் பெண் எல்லோருக்கும் காட்சியாகி, வண்டியையும் தவறவிட்டார். அந்தக் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்திய ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தைத் திறந்து பாருங்கள். 1891 ஜனவரி முதலாம் திகதி முதல் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் கடைசி வகுப்பில் ஒரு பகுதியாவது பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும். வண்டி 50 மைலுக்கு மேல் ஓடினால் அப்படி ஒதுக்கிய ஒரு பகுதியில் கழிப்பறையும் இருக்க வேண்டும். சென் விழுவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த விதி இது. இன்னொரு பிரிவு, பெண்களுக்கு ஒதுக்கிய பெட்டியிலோ அறையிலோ தெரிந்தே நுழைகிற ஆணுக்கு 100 ரூபாய் வரை தண்டம் என்றது. அது இந்தியச் சட்டம், இலங்கையைக் கட்டுப்படுத்தியதில்லை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள்: ஏழைப் பெண்ணுக்குக் கழிப்பறை என்ற சட்டம் யாருக்கும் நினைவில்லை, வேட்டி அவிழ்ந்த ஆணின் கடிதம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அப்படி ஒரு பெண் விழுந்திருந்தால் அவள் கடிதம் எழுதியிருக்கவே மாட்டாள்.

(காட்சி: ஒரே அளவான இரண்டு சதுரங்கள்.)

இனிக் கொஞ்சம் கணக்கு. ஒரே பரப்பில் இரண்டு அறைகள் கட்டுகிறோம் என்று வையுங்கள். சமமாகத்தானே கொடுத்திருக்கிறோம்? பெண்கள் பக்கம் கதவோடு 5 கழிப்பறைகள். ஆண்கள் பக்கம் 2 கழிப்பறைகள், அதோடு சுவரோரம் நின்றபடி சிறுநீர் கழிக்க 6 தொட்டிகள். மொத்தம் 8. ஒரு பெண்ணுக்கு 90 வினாடி, ஓர் ஆணுக்கு 60 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலை, சுடிதார், மாதவிடாய் நாட்கள், இடுப்பில் குழந்தை. 90 என்பதே கஞ்சக் கணக்குத்தான். பத்து நிமிடத்தில் 80 ஆண்கள் போய்வந்துவிடுவார்கள். பெண்கள் 33 பேர்.

கடைவீதியில் இது அவ்வளவு தெரியாது, ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ரயில் நிலையத்தில் வண்டி ஒரே தடவையில் கொட்டிவிட்டுப் போகிறது. 60 பெண்கள் ஒன்றாக வந்தால் கடைசிப் பெண் வெளியே வர 18 நிமிடம். 60 ஆண்களுக்கு 8 நிமிடம் போதும். இடைவழி நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றால், ஆணுக்குத் தேநீர் குடிக்கவும் நேரம் இருக்கிறது. நியூயோர்க் நகரம் 2005இல் இந்தக் கணக்கைச் சட்டமாக்கியது: புதிய அரங்குகளிலும் மதுச்சாலைகளிலும் ஆணுக்கு ஒன்றென்றால் பெண்ணுக்கு இரண்டு.

சரி, பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவாகக் கட்டிவிட்டால்? தரையில் இருந்து கூரை வரை சுவரும், முழுக் கதவும், நல்ல பூட்டும் இருந்தால் வரிசை குறையும், உண்மைதான். ஆனால் ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸிடம் போனவர்கள் 4 வீதம். இந்த நாட்டில், இரவு வண்டிக்குக் காத்திருக்கிற பெண்ணிடம் போய்த் தனியறை பழைய காலத்து எண்ணம் என்று சொல்ல என்னால் முடியாது. பெண்களுக்கான காத்திருப்பு அறை இருக்கட்டும். வெளிச்சத்தோடு, மேடையைப் பார்க்கிற கண்ணாடியோடு இருக்கட்டும். சாவி யாரோ ஒருவரின் சட்டைப்பையில் இல்லாமல் இருக்கட்டும். பூட்டிய அறையின் வாசலில் குந்தியிருக்கிற பெண்ணுக்கு, அறையே இல்லாத நிலையமும் ஒன்றுதான்.

அதோடு இன்னொரு கதவும் வேண்டும். நடக்கமுடியாத மனைவியைத் தூக்கிக்கொண்டு வருகிற கணவர் எந்தப் பக்கம் போவார்? ஐந்து வயது மகளோடு தனியாக வருகிற தகப்பன்? இரண்டு பக்கத்திலும் முறைத்துப் பார்க்கப்படுகிற திருநங்கை? ஆண் பெண் என்று எழுதாத, உள்ளே பூட்டிக்கொள்கிற, சக்கர நாற்காலி நுழைகிற ஒற்றை அறை ஒன்று. பெரிய செலவும் இல்லை.

(காட்சி: பழைய தோல் கைப்பை. உள்ளே மருந்து, விபூதி, சுருட்டிய கயிறு.)

பெரியம்மாவின் வழியைச் சொல்வதாகச் சொன்னேன். கைப்பையில் இரண்டு முழத் தும்புக்கயிறு. கொண்டி இருந்த ஓட்டையில் அதைக் கோத்து முடிச்சுப் போட்டு, மறுநுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தால் கதவு திறக்காது. அன்று எனக்கும் அதைத்தான் தந்தார், நான் பாதி வேலையில் இருந்தபோது, கதவிடுக்கால். முப்பது வருடமாக இதே பயணம், இதே கயிறு.

போன மாதம் கொழும்புக்குப் புறப்பட முன் பார்த்தேன். தும்பு இற்றுப் போனதென்று புது நைலோன் கயிறு வாங்கி வைத்திருக்கிறார்.