தலையை வெடுக்கெனத் திருப்பும்போது கண் என்ன செய்கிறது?

(திரையில்: மிக அருகில் ஒரு ஜோடிக் கண்கள்)

தலை அசைந்தாலும் எதிரே உள்ள எழுத்து ஆடாமல் தெரிகிறதே, அது உள்காதின் வேலை. தலை வலப்பக்கம் திரும்பினால் கண் அதே வேகத்தில் இடப்பக்கம் திரும்பும். இந்த அனிச்சைச் செயல் தொடங்க 10 மில்லிசெகண்டுகூட ஆகாது.

இதைச் சோதிக்க ஆய்வாளர்கள் ஹால்மாகியும் கர்த்தாய்ஸும் 1988-ல் விவரித்த 'ஹெட் இம்பல்ஸ்' (தலைத்திருப்பு) சோதனைக்கு இரண்டு கைகள் போதும். முதலில் கழுத்தைப் பற்றிக் கேளுங்கள். காயமோ எலும்புத் தேய்மானமோ இருந்தால் செய்யாதீர்கள்.

(திரையில்: எதிரெதிரே அமர்ந்த இருவர்)

"என் மூக்கையே பாருங்க, கழுத்தை இறுக்காதீங்க." தலையைச் சற்றுக் குனியவைத்து, இரு கைகளாலும் பிடித்து, 10 முதல் 20 டிகிரி வரை வெடுக்கெனத் திருப்பி அப்படியே நிறுத்துங்கள். எந்தப் பக்கம், எப்போது என்று அவருக்குத் தெரியவே கூடாது; தெரிந்தால் கண் முந்திக்கொள்ளும்.

பெரும்பாலும் தவறுவது வேகத்தில்தான். நொடிக்கு 150 டிகிரியாவது வேண்டும். மெதுவாகத் திருப்பினால் நல்ல காது மற்றதன் குறையை மூடிவிடும். ஏன்? வலப்பக்கம் திரும்பும்போது வலக்காது நரம்பின் துடிப்பு ஏறும், இடக்காதில் இறங்கும். ஏறுவதற்கு இடம் நிறைய. இறங்குவது பூஜ்யத்தோடு முடிந்துவிடும். அதனால் வேகமான திருப்பத்தில் திரும்பும் பக்கத்துக் காதுதான் பாரத்தைச் சுமக்கிறது.

(திரையில்: அதே அசைவு, மெதுவான ஓட்டத்தில்)

இதோ, கவனியுங்கள். கண் தலையோடு சேர்ந்து நழுவுகிறது. பிறகு ஒரே தாவலில் மூக்குக்குத் திரும்புகிறது. அந்தத் தாவல்தான் திரும்பிய பக்கத்துக் காதில் குறை என்பதன் அடையாளம். தலை நிற்பதற்குள்ளேயே தாவல் முடிந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் கேமரா பொருத்திய கண்ணாடி. கண் வேகத்தைத் தலை வேகத்தால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வரவேண்டும். தலை பக்கவாட்டில் திரும்புவதை உணரும் உள்காதுக் குழாயில் 0.8-க்குக் கீழே போய், தாவலும் இருந்தால் குறைபாடு. பட்டை தளர்ந்து கண்ணாடி நழுவினால் எண் பொய்யாக ஏறும், எனவே 1.2 என்று வந்தால் மகிழாதீர்கள், பட்டையை இறுக்குங்கள்.

தலைசுற்றலும் காது மந்தமும் தரும் உள்காது நோயான மெனியர் நோயில் இந்தச் சோதனை இயல்பாகவும், காதில் 30, 44 டிகிரி செல்சியஸ் நீர் விடும் கலோரிக் சோதனை குறைவாகவும் வருவதுண்டு. முரண் இல்லை: நீர் தூண்டுவது மிக மந்தமான அசைவுக்கு இணை, கை தூண்டுவது வேகத்துக்கு. நீர் விடுமுன் செவிப்பறையில் ஓட்டை இல்லையா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இடைவிடாத தலைசுற்றலோடு கண்மணி தானாக ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தலைத்திருப்புச் சோதனை இயல்பாக வந்தால் காதை விட்டுவிட்டு மூளையைச் சந்தேகியுங்கள், ஸ்ட்ரோக்காக இருக்கலாம். சுற்றல் நின்றுவிட்டவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.