13.7 டிகிரியிலிருந்து மீண்ட உயிர்: கடுங்குளிரில் மீட்புக்குழு கற்கும் பாடம்

(காட்சி: பனிச்சரிவு. தொலைவில் ஹெலிகாப்டர் சத்தம்.)

1999, மே மாதம். நார்வேயில் நார்விக் நகரத்துக்குப் பக்கத்து மலை. பனிச்சறுக்குப் போன இளம் மருத்துவர் அன்னா போகன்ஹோல்ம், உறைந்த ஓடைக்குள் விழுந்துவிட்டார். பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம். வெளியே எடுத்தபோது மூச்சில்லை, நாடியில்லை. ஆனாலும் ஹெலிகாப்டரில் வழிநெடுக நெஞ்சை அழுத்திக்கொண்டே ட்ரோம்சோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அளந்த உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, திரும்பச் செலுத்தினார்கள். இதயம் துடித்தது. பின்னாளில் அதே மருத்துவமனையில் அவர் வேலை பார்த்தார்.

எப்படிப் பிழைத்தார்? பனிக்கட்டிக்குக் கீழே கொஞ்சம் காற்று கிடைத்ததால் இதயம் உடனே நிற்கவில்லை. அதற்குள் மூளை குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மூளைக்குக் கொஞ்சம் ஆக்சிஜனே போதும்.

அதனால்தான் மலை மீட்பில் ஒரு விதி சொல்லித் தருகிறார்கள்: உடலைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்ததாக முடிவு செய்யாதே. பிழைக்கவே முடியாத அளவு காயமோ, அழுத்தவே முடியாதபடி உறைந்துபோன நெஞ்சோ இருந்தால் வேறு கதை.

(காட்சி: கையுறை போட்ட விரல்கள் கழுத்தில் நாடி தேடுகின்றன.)

சாதாரணமாகப் பத்து நொடி பார்க்கும் நாடியை இங்கே ஒரு நிமிடம் வரை தேட வேண்டும். அவ்வளவு மெதுவாக, மெலிசாக இருக்கும். ஆம்புலன்ஸில் வேலை பார்த்துப் பழகியவருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய சோதனை, கை பரபரக்கும்.

அடுத்தது தூக்கும் விதம். பயிற்சியில் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும் என்பேன். உடல் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே போனால் ஒரு குலுக்கலில்கூட இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். ஆகவே படுத்த நிலையிலேயே, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். ஈரத் துணியை இழுத்துக் கழற்றாமல் வெட்டி எடுக்க வேண்டும். கைகாலைத் தேய்க்கவே கூடாது. மேலே போர்த்துவதற்கு முன்னால் கீழே விரிக்க வேண்டும், ஏனென்றால் தரைப்பனி சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெப்பப் பொதியை நெஞ்சுப் பக்கம் வைக்கலாம், ஆனால் வெறும் தோலில் படக்கூடாது.

சரி, கருவிகள்? பேட்டரி சீக்கிரம் தீரும். சலைன் குழாயிலேயே உறையும். மருந்துக் குப்பிகளைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தடித்த கையுறையோடு குப்பியை உடைப்பதை வகுப்பறையில் உட்கார்ந்து கற்க முடியாது. இத்தாலியின் போல்சானோவில் டெராஎக்ஸ்கியூப் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. மைனஸ் 40 டிகிரிக் குளிரையும் 9,000 மீட்டர் உயரத்தின் காற்றழுத்தத்தையும் ஓர் அறைக்குள் உண்டாக்க அதனால் முடியும்.

(காட்சி: வரைபடத்தில் இரண்டு மருத்துவமனைகள்.)

கடைசியாக, எங்கே கொண்டுபோவது? இதயம் நின்றிருந்தால், ரத்தத்தைச் சூடாக்கும் அந்தக் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். பக்கத்து மருத்துவமனையில் அது இல்லையா? நெஞ்சை அழுத்திக்கொண்டே அதைத் தாண்டிப் பறக்க வேண்டும்.