யார்க்‌ஷயர் வானமும் ஆல்ப்ஸ் மலையும்

நேயர்களுக்கு வணக்கம். மலைப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போகும்போது வானம் தெளிவாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம். மேகம் கவிந்துவிட்டால் செலவழித்த பணம் வீண் என்று முணுமுணுக்கிறோம். ஓவியனுக்கு மேகம் கவிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே நான் ஆங்கில ஓவியர் டர்னரிடம் போய் நின்றுவிடுவேன். என்னிடம் படித்தவர்களுக்கு அலுத்துப்போன கதை, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்னர் 1775இல் லண்டனில் பிறந்தவர். தந்தைக்கு முடிதிருத்தும் தொழில். இங்கிலாந்தின் வடக்கே உள்ள யார்க்‌ஷயரில் ஃபார்ன்லி என்ற ஊரில் டர்னருக்கு ஒரு செல்வந்த நண்பர் இருந்தார், வால்டர் ஃபாக்ஸ் என்று. 1810இல் டர்னர் அந்த நண்பரின் மாளிகையில் தங்கியிருந்தபோது குன்றுகளின் மேல் இடியும் மின்னலுமாகப் புயல் புரண்டு வந்தது. வாசலில் நின்றவர், நண்பரின் மகனைக் கூவி அழைத்தார். பையன் வந்து பார்த்தால், மனிதர் ஏதோ ஒரு கடிதத்தின் பின்புறத்தில் மேகத்தின் வடிவத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டிருக்கிறார்! நல்ல காகிதம் தரட்டுமா என்று கேட்டிருக்கிறான். இதுவே போதும் என்றுவிட்டார். புயல் ஓய்ந்ததும், இரண்டு வருடத்தில் இதையே மறுபடி பார்ப்பாய், ஹானிபால் ஆல்ப்ஸைக் கடக்கிறான் என்று அதற்குப் பெயர் வைத்திருப்பேன் என்றாராம். அந்தப் பையனே பிற்காலத்தில் சொன்னது இது. ஹானிபால் என்பவன் யானைகளோடு ஆல்ப்ஸைக் கடந்து ரோமானியர்மேல் படையெடுத்த பழங்காலத் தளபதி.

சொன்னபடி 1812இல் லண்டன் ராயல் அகாதமியின் ஓவியக் கண்காட்சியில் படம் வந்தது. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம். ஹானிபாலைத் தேடினால் கிடைக்க மாட்டான். யானை இருக்கிறது, எங்கோ தொலைவில், எறும்பளவு. மற்றபடி படம் முழுக்க வானம்தான்: கருமேகம் சுழன்று படையின் மேல் கவிழ்கிறது, நடுவே வெளிறிய மஞ்சள் சூரியன். படத்தைத் தாழ்வாகத்தான் மாட்ட வேண்டும் என்று டர்னர் பிடிவாதம் பிடித்தார். பார்ப்பவர் அந்தச் சுழலுக்குள் நேரே நுழையட்டும் என்று நினைத்திருப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் 1802இலேயே ஆல்ப்ஸுக்குப் போய்வந்தவர். மலை அங்கிருந்து கிடைத்தது. வானம் யார்க்‌ஷயரில் கிடைத்தது. மறுபடியும் சொல்கிறேன், மலை ஓரிடம், வானம் வேறிடம், நடுவில் பல ஆண்டுகள். புகைப்படத்தைப் பார்த்து வரையும் பிள்ளைகளோடு நான் சண்டை போடுவது இதற்காகத்தான். செல்பேசியில் எடுத்த மழைமேகம் ஒரே சாம்பலாகத் தெரியும். நேரில் நின்று பார்த்தால் அதில் ஊதா, பச்சை, செம்பழுப்பு எல்லாம் ஓடும்.

1842இல் காட்டிய பனிப்புயல் படத்துக்காகக் கப்பலின் பாய்மரத்தில் தம்மைக் கட்டச் சொல்லி நான்கு மணி நேரம் கடலைப் பார்த்ததாக டர்னர் சொன்னார். அப்போது அவருக்கு 67 வயது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை; படத்தில் நம்பிக்கை உண்டு.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கான்ஸ்டபிள் என்ற இன்னொரு ஆங்கில ஓவியரைப் பற்றிப் பாதி நேரம் பேச நினைத்திருந்தேன். அவர் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து, பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதிவைத்தார். மாவரைக்கும் காற்றாலை வைத்திருந்த முதலாளியின் மகன்; காற்றைக் கவனிப்பது குடும்பத் தொழில். மீதியை வாய்ப்பு வந்தால் பேசுகிறேன். வணக்கம்.