விமான நிலையத்தோடு நின்றுவிடும் உதவி

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கொரோனா காலத்தில் திரும்பத் திரும்ப வந்த ஒரு செய்திப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். விமானத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும், அமைச்சரும் தூதர்களும் முகக்கவசத்தோடு வரிசையாக நிற்பார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்யத் தொடங்கிய கோவாக்ஸ் என்ற உலகத் திட்டத்தின் முதல் 6 லட்சம் டோஸ் கானாவில் வந்து இறங்கியபோது நானும் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான். அதில் தப்பே இல்லை. ஆனால் பெட்டி இறங்கிய இடத்துக்கும் ஊசி போட்டுக்கொள்ள நீளும் கைக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது, போர் நடக்கிற நாட்டில் அது ரொம்ப நீளமான தூரம், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

காங்கோ ஜனநாயகக் குடியரசை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் தொடக்கத்தில் 17 லட்சம் டோஸ் அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசி அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஊசியால் ரத்தம் உறைகிறது என்ற பயம் ஐரோப்பாவில் கிளம்பிய நேரம் அது, அதனால் தடுப்பூசி போடுவதையே ஏப்ரல் 19 வரை தள்ளிவைத்தார்கள். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், காலாவதி ஆவதற்குள் போட்டு முடிக்கவே முடியாது. 13 லட்சம் டோஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். "கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள்" என்று இதைப் பார்த்துப் பேசியவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று உலக சுகாதார நிறுவனமும் ஆப்பிரிக்க நோய்த்தடுப்பு மையமும் கோவாக்ஸ் அமைப்பினரும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். நன்கொடையாக வரும் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை முன்கூட்டிச் சொல்லாமல், காலாவதிக்குக் கொஞ்ச நாளே மிச்சமிருக்கும்போது வருகின்றன, பலவற்றோடு ஊசியும் சிரிஞ்சும்கூட வருவதில்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள். சிரிஞ்சு இல்லாத தடுப்பூசியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு செவிலியர், தோளில் ஒரு குளிர்பெட்டி. உள்ளே ஐஸ் பொதிகளுக்கு நடுவில் சின்னக் குப்பிகள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அஸ்ட்ராஜெனிகா குப்பி ஒன்றில் பொதுவாக 10 பேருக்கான மருந்து இருக்கும், திறந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊரில் காலையில் 3 பேர்தான் வந்திருக்கிறார்கள். குப்பியைத் திறப்பதா? திறந்தால் மீதி 7 பேரின் பங்கு வீணாகலாம், திறக்காவிட்டால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்த இந்த 3 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள், மறுபடி வருவார்களா என்பதும் நிச்சயமில்லை. எந்த உதவித் திட்ட அறிக்கையிலும் இந்த நிமிடத்துக்கு ஒரு வரி கிடையாது.

ஆக்சிஜன் கதையும் இதேதான். 2020இல் தெற்கு சூடானில், ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டில், 4 வென்டிலேட்டர்கள்தான் இருந்தன என்று செய்தி வந்ததும் எல்லோரும் வென்டிலேட்டர் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால், அங்கே அதைவிட அவசரத் தேவை ஆக்சிஜன்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் செறிவூட்டிகள் நல்ல கருவிகள், ஆனால் மின்சாரம் நின்றால் அவையும் நின்றுவிடும். ஜெனரேட்டருக்கு டீசல், தூசி அடைத்தால் மாற்ற வடிகட்டி, பழுது பார்க்கத் தெரிந்த ஒரு ஆள், இவ்வளவும் கூடவே போனால்தான் அது கருவி.

அடுத்தது சட்டம். கோவாக்ஸில், அகதிகளுக்கும் அரசின் கை எட்டாத பகுதி மக்களுக்கும் என்று ஒரு மனிதாபிமானக் கையிருப்பை ஒதுக்கிவைத்தார்கள், மொத்தத்தில் 5 சதவீதம் வரை. அருமையான யோசனை. ஆனால் கடுமையான பக்கவிளைவு வந்தால் வழக்கும் இழப்பீடும் தங்கள் தலையில் விழக்கூடாது என்று தயாரிப்பு நிறுவனங்கள் எழுதிக் கேட்டன. அரசு இருக்கிற இடத்தில் அரசு கையெழுத்துப் போடும். அரசே இல்லாத இடத்தில் யார் போடுவது? தொண்டு நிறுவனங்களால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. சில நிறுவனங்கள் நிபந்தனையைத் தளர்த்திய பிறகுதான் வழி பிறந்தது. அந்தக் கையிருப்பிலிருந்து முதல் சரக்கு, ஈரானில் இருக்கும் ஆப்கன் அகதிகளுக்காக, 2021 நவம்பரில்தான் போனது.

சிரியாவில் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அரசை எதிர்க்கும் குழுக்களின் கையில் இருந்த வடமேற்குப் பகுதியில் முதல் தொற்று 2020 ஜூலை 9 அன்று உறுதியானது, அதுவும் ஒரு மருத்துவருக்கு. இரண்டே நாளில், ஜூலை 11 அன்று, துருக்கியிலிருந்து ஐ.நா. உதவி உள்ளே போக இருந்த இரண்டு எல்லை வழிகளில் ஒன்றைப் பாதுகாப்பு மன்றம் கைவிட்டது. வேண்டாம் என்று அடம்பிடித்தவை வீட்டோ அதிகாரம் வைத்திருக்கும் ரஷ்யாவும் சீனாவும். மிஞ்சியது பாப் அல்-ஹவா ஒன்றுதான்.

சரி, எல்லை திறந்திருக்கிறது, மருந்தும் உள்ளே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போடுகிற ஆளுக்குச் சம்பளம்? 2021 ஆகஸ்டில் காபூலில் ஆட்சி தாலிபான் கைக்கு மாறியதும், ஆப்கானிஸ்தானின் அரசு மருத்துவ நிலையங்களை நடத்திவந்த வெளிநாட்டு நிதியை நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது: அந்த நிதியில் நடந்துவந்த மருத்துவ நிலையங்களில் 17 சதவீதம்தான் முழுதாக இயங்குகின்றன, 37 கொரோனா மருத்துவமனைகளில் 9 மூடிவிட்டன. அந்த நேரத்தில் நாட்டுக்குள்ளேயே 18 லட்சம் டோஸ் தடுப்பூசி பயன்படுத்தப்படாமல் இருந்தது.